கிண்ணங்களுக்குக் காவல்

வெந்நீரையும் சாம்பலையும் போட்டு எத்தனை தேய்த்தும் கிண்ணத்தில் டீசல் வாடை போகவில்லை. ஜிபார் ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். முகம் சுளித்து மறுபடி வாளியில் முக்கினாள். உள்ளே மாமனாரின் அக்கா ஜூராகான் அத்தையின் அழுகை தெருக்கோடி வரை கேட்டுக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க நிறுத்துகிற இடைவெளியில் அதே அத்தையின் அதட்டலும் வந்தது.

“கிண்ணம் கழுவுறியா, கிணறு தோண்டுறியா? வந்தவங்க வெறும் வாயோட உக்காந்திருக்காங்க.”

“இதோ அத்தை.”

மாமனார் காசிமாலி விடியுமுன்பே போய்ச் சேர்ந்திருந்தார். எழுந்து உட்கார்ந்து, ஒரு பூட்ஸை மாட்டி, இன்னொன்றைக் கையில் எடுத்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். தூக்கம் கலையவில்லை போலும் என்று மகன் உர்மத், ஜிபாரின் கணவன், போர்வை எடுத்துவந்து போர்த்தியிருக்கிறான். பிறகுதான் கையைத் தொட்டுப் பார்த்தான்.

வாழ்நாளெல்லாம் சுரங்கத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக் கணவாய் தாண்டி ஊர் ஊராக இறக்கியவர் காசிமாலி. முந்தின நாள் மாலையும் ஒரு லோடோடுதான் வந்தார். பழைய ரஷ்ய லாரி கணவாய் ஏற்றத்தில் கரும்புகை கக்கி, கழுதை முந்துகிற வேகத்தில் ஏறியதாம். முற்றத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, சாப்பிட்ட கையோடு அப்பனும் மகனும் லாரியின் முன்கூண்டைச் சாய்த்து, இன்ஜினுக்குள் டீசல் பீய்ச்சும் எட்டு இன்ஜெக்டரையும் கழற்றிவிட்டார்கள். மூன்று நாசிலுக்கு ஆயுள் முடிந்திருந்தது. அவற்றுக்குப் புதுசு வாங்கிவைத்திருந்தார். மற்ற ஐந்தும் பழசே. கழுவித் துடைத்துத் திரும்பப் போட வேண்டியவை.

நாசில் என்பது இன்ஜெக்டர் முனையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கூடு, அதற்குள் ஏறி இறங்கும் ஒரு ஊசி. பிரித்த சாமான்களை வைக்கக் காசிமாலி நேரே விருந்து அலமாரியைத் திறந்து, பொன்விளிம்பு போட்ட எட்டு தேநீர்க் கிண்ணங்களை எடுத்தார். ஜிபார் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, அது விருந்துக் கிண்ணம்.”

“நாளைக்கு நம்ம வீட்டுக்கு யாரும்மா வரப்போறா? வெண்ணெய் விக்கிறவகூட நம்ம சந்துக்குள்ள வர்றதில்ல.”

ஒரு கிண்ணத்துக்கு ஒரு ஊசி, ஒரு கூடு, மேலே மூழ்க டீசல். எட்டையும் கொட்டகை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்து, துணி போட்டு மூடினார். வாய் கொள்ளாத சிரிப்போடு அவளைக் கூப்பிட்டார்.

“இங்க பாரு மருமகளே. கூடும் ஊசியும் ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சே செஞ்சது. அந்த ஊசிக்கு அந்தக் கூடுதான் புருஷன் வீடு. மாத்தி வச்சா குடித்தனம் நடக்காது, லாரியும் நகராது. இவன நம்ப மாட்டேன், தூக்கத்துல நடக்கிற பய. கிண்ணத்துக்கெல்லாம் நீதான் காவல்.”

அவள் சரி மாமா என்றாள். மாமியார் இல்லாத வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷமாகிறது. தன்னை நம்பி ஒரு காரியத்தை அவர் ஒப்படைத்தது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காலையில் செய்தி பரவி, அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நிறைந்தார்கள். வீட்டில் இருந்த கிண்ணங்கள் முதல் வரிசைக்கே போதவில்லை. ஜாம் போத்தலில் ஒரு கிழவிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்ததை அத்தை பார்த்துவிட்டாள்.

“என் தம்பி வீட்டுல ஒரு கிண்ணம் டீக்கு வக்கில்லையா? அலமாரி நிறைய நான் வாங்கிக் குடுத்ததெல்லாம் எங்க போச்சு? பிறந்த வீட்டுக்கு அனுப்பிட்டியா?”

பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜிபாரின் காது மடல் வரை சூடேறியது. கொட்டகைக்கு விடுவிடுவென்று நடந்தாள். துணியை விலக்கினாள். ஒரு அலுமினியத் தட்டில் எட்டுக் கிண்ணத்தையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். செத்த வீட்டில் இன்றைக்கு யார் லாரியைத் தேடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதுதான் பிறகு அவளை அதிகமாக உறுத்தியது.

தேநீர் பரிமாறியாயிற்று. ஒருத்தி உறிஞ்சிவிட்டு நிறுத்தி, கிண்ணத்தை முகர்ந்து, மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தாள்.

அப்போதுதான் சின்ன மாமா தோக்தோசுன் வந்து சேர்ந்தார். காசிமாலியின் தம்பி. கூடவே ஒரு வண்டி. வண்டியில் கம்பளக் கூடாரத்தின் மரச்சட்டங்களும் சுருட்டிய கம்பளங்களும். இறந்தவரை அவருடைய முற்றத்தில் கூடாரம் போட்டுக் கிடத்த வேண்டும். அங்கேதான் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். வாசலில் ஆண்கள் இடுப்பில் கச்சை கட்டி, கோலூன்றி வரிசையாக நின்று அழுவார்கள். கணவாய்க்கு அந்தப் பக்கத்துச் சொந்தங்கள் மதியம் வந்துவிடுவார்கள். வரும்போது கூடாரம் நிற்க வேண்டும். கூடாரம் நிற்க வேண்டிய இடத்தில் லாரி நின்றது.

“லாரிய நகத்துடா.”

“இன்ஜெக்டர் கழட்டியிருக்கு சித்தப்பா,” என்றான் உர்மத்.

“ஆளு இருக்கோம், தள்ளுவோம்.”

“தள்ள முடியாது. பிரேக்குல காத்து இறங்கிடுச்சு, பின்சக்கரம் பூட்டிக்கிச்சு. இன்ஜின் ஓடினாத்தான் காத்து ஏறும், காத்து ஏறினாத்தான் பிரேக் விடும். கையால விடுவிக்கிற போல்ட் எல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு.”

“பக்கத்து முற்றத்துல போட்டுக்கோங்க, என் வாசல் உங்க வாசல்தானே,” என்று அடுத்த வீட்டு சாதிர் நல்ல மனதோடுதான் சொன்னான். தோக்தோசுனின் முகம் கறுத்தது.

“எங்கண்ணன் அடுத்தவன் வாசல் வழியா போறதுக்கா வீடு கட்டினான்? நாளைக்கு ஊரு என்ன பேசும்? டேய், உடனே மாட்டு. எல்லாம் கழுவி வச்சிருக்கில்ல?”

“அப்பாவே வரிசையா வச்சிருக்காரு. ஒரு மணி நேரத்துல முடிச்சிடறேன்.” உர்மத் கொட்டகைக்குள் போனான்.

ஜிபார் வெந்நீர் கொதிக்கும் சமோவாரைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்திருந்தாள். நகர முடியவில்லை. அவன் வெளியே வந்தான். கையில் அலுமினியத் தட்டு. தட்டின் அடியில் டீசல் குட்டை, அதில் எட்டு ஊசிகளும் எட்டுக் கூடுகளும் மீன்குஞ்சுகள்போல ஒன்றாகக் கிடந்தன.

“என்னடா இது?” தோக்தோசுன் எட்டிப் பார்த்தார். அவருக்கும் லாரி தெரியும். வாலிபத்தில் அண்ணனோடு ஓட்டியவர்தான். “எது எதோட ஊசி?”

உர்மத் நிமிர்ந்தான். சித்தப்பாவைத் தாண்டி, படியில் நின்றவளைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, படித்துவிட்டான்.

“நான்தான் சித்தப்பா. காலையில அவசரத்துல தட்டி விட்டுட்டேன்.”

நான் என்று சொல்ல ஜிபார் வாயைத் திறந்தாள். மாமனார் வகையறா ஆண்கள் அத்தனை பேர் முன்னால் மருமகள் குரல் உயர்த்திப் பேசுவது அந்த ஊரில் வழக்கமில்லை. வழக்கம் வசதியாக வந்து அவள் வாயைப் பொத்தியது. சமோவாரின் சூடு பாவாடை வழியாகத் தொடையைச் சுட்டது. அதையும் பொறுத்துக்கொண்டு நின்றாள்.

“அப்பன் வச்ச வரிசைய, அப்பன் உடம்பு ஆறுறதுக்குள்ள கலைச்சுட்டியா?” தோக்தோசுன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “உன்னப் பெத்ததுக்கு அவன் நாலு ஆடு வளத்திருக்கலாம். இன்னிக்கு வாசல்ல தலையிடத்துல நான் நின்னுக்கறேன். நீ எண்ணெய்க் கைய வச்சுக்கிட்டு எங்கயாவது ஓரமா நில்லு.”

தலையிடம் என்பது கூடாரக் கதவை ஒட்டிய இடம், மகனுக்கு உரியது. உர்மத் தட்டை ஏந்திக்கொண்டு லாரிக்குப் போனான்.

ஜிபார் உள்ளே தேநீர் ஊற்றினாள். யாருக்கு ஊற்றினோம், யாருக்கு ஊற்றவில்லை என்று தெரியவில்லை. மாமா செத்து அரை நாள் ஆகப்போகிறது, கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. மனம் முழுக்க அந்தத் தட்டுதான். அதை நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சாணி வறட்டி எடுக்கிற சாக்கில் பின்வழியாக நழுவி, லாரியின் சாய்த்த கூண்டுக்கு மறைவில் போய் நின்றாள்.

உர்மத் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

“போய்ச் சொல்லிடறேன்,” என்றாள்.

“சொல்லி? உன்னை இருவது வருஷம் பேசுவாங்க. அத்தை கல்யாண வீடு, கருமாதி வீடு எல்லாத்துலயும் உன் கதையத்தான் சொல்லும். என்னைப் பேசினா நாலு நாள்ல மறந்துடுவாங்க.”

“மாமா எங்கிட்டதான் சொன்னாரு.”

“தெரியும். நானும் அங்கதானே இருந்தேன்.”

அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக அவன் அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பக்கத்தில் குந்தினாள்.

“உன் கை சுத்தமா இருக்கு,” என்றான், ஒரு கூட்டை அவளிடம் நீட்டி. “இப்படிப் பாரு. ஊசிய டீசல்ல முக்கு. கூட்டுக்குள்ள விட்டு, கொஞ்சம் வெளிய இழுத்து விடு. சொந்த ஊசின்னா தன் எடையில மெதுவா வழுக்கி இறங்கும். பொத்துனு விழுந்தா அது அதோடது இல்ல. பாதியில மாட்டினாலும் இல்ல.”

புதிய மூன்றும் பளபளப்பாலேயே தனியாகத் தெரிந்தன. ஆனாலும் எந்தப் புதிய ஊசிக்கு எந்தப் புதிய கூடு என்று பார்க்க வேண்டியிருந்தது. பழையது ஐந்தையும் அவள் மாற்றி மாற்றிப் போட்டாள். விழுந்தது. மாட்டியது. விழுந்தது. ஒன்று கூட்டுக்குள் தயங்கி, பிறகு சீராக இறங்கி அடியில் அமர்ந்தபோது அவளுக்கு மூச்சு வந்தது. உர்மத் வாங்கி, ஸ்பிரிங் வைத்துப் பூட்டி, புதுச் செம்பு வாஷர் போட்டு இறக்கி முடுக்கினான். அந்தப் பக்கம் ஆண்கள் கூடாரச் சட்டங்களை இறக்கி வைத்துவிட்டுப் பேச்சில்லாமல் காத்திருந்தார்கள். கடைசியாக மிஞ்சிய பழைய ஜோடி மட்டும் சரியாக இல்லை. ஊசி கொஞ்சம் வேகமாகவே விழுந்தது.

“இது சொட்டும்,” என்றான். “வேற வழியில்ல. நீ போ, அத்தை தேடும்.”

டீசல் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றி, கூண்டை இறக்கி, சாவியைத் திருப்பினான். இன்ஜின் இருமியது, நின்றது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை முற்றமெல்லாம் கவிந்து, கோலோடு நின்ற கிழவர்கள் முகத்தைத் துண்டால் மூடினார்கள். ஒரு சிலிண்டர் மட்டும் சுத்தியால் அடிப்பதுபோலத் தட்டிக்கொண்டே இருந்தது. காற்று ஏறி பிரேக் சீறி விட, லாரி பின்னால் நகர்ந்து வாசல் தாண்டித் தெருவுக்குப் போனது. அதன் தட்டல் ஓய்வதற்குள் தோக்தோசுன் முதல் சட்டத்தை ஊன்றிவிட்டார்.

மதியத்துக்குள் கூடாரம் எழுந்தது. காசிமாலியை வலப்பக்கம் கிடத்தித் திரை கட்டினார்கள். பெண்கள் கதவுக்கு முதுகு காட்டி, கம்பளச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். வெளியே குதிரைகளும் கார்களும் வந்து நின்றன. வந்த ஆண்கள் தெருமுனையிலிருந்தே கதறிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு வாசலில் முதலில் பதில் குரல் கொடுத்தது தோக்தோசுன்தான். உர்மத்தின் குரல் வரிசையின் கோடியிலிருந்து வந்தது.

“காசிமாலி மகன் ஏன் அங்க நிக்கிறான்?” என்று வந்தவர் ஒருவர் கேட்டார். தோக்தோசுன் காரணம் சொன்னார். ரகசியமாகச் சொல்வதாக அவருக்கு எண்ணம். கம்பளம் எதை மறைக்கும்? பெண்கள் உச்சுக் கொட்டினார்கள்.

அத்தை தம்பியைப் பாடி முடித்தாள். கணவாயையும், பனியையும், அவன் ஏற்றிய கரியில் எரிந்த அடுப்புகளையும் பாடினாள். நன்றாகவே பாடினாள். பிறகு முழங்கையால் இடித்தாள்.

“மருமக பாடணும். வாயத் திற.”

ஒப்பாரியில் மட்டும் மருமகள் குரல் எத்தனை உயர்ந்தாலும் எவரும் தப்புச் சொல்வதில்லை. ஜிபார் முதலில் ஊரார் பாடுகிற வரிகளைத்தான் எடுத்தாள். மலைபோல் மாமா, மரம்போல் நிழல் என்று தொடங்கினாள். அதற்கு மேல் வரி வரவில்லை. பிறகு அவள் பாடியது எவரும் சொல்லித் தந்ததில்லை.

“எட்டுக் கிண்ணம் வரிசை வச்சு
என்னைக் காவல் வச்சீங்களே மாமா
எட்டையும் நான் கவுத்தேனே
உங்க மகன் கைபட்டுக் கலையலையே

வந்தவங்க வாயிக்குப் பயந்தேனே
உங்க வார்த்தைக்குப் பயப்படலையே
நான் கவுத்த பழியெல்லாம்
நல்ல பிள்ளை சுமந்தானே

அவன் தலையிடம் போச்சே
தப்பு செஞ்சவ உள்ள உக்காந்திருக்கேனே
எந்திரிச்சு ஏசுங்க மாமா
ஏச ஒரு நாளும் தெரியாத மாமா”

கடைசி வரியில்தான் அழுகை வந்தது, வந்ததும் நிற்கவில்லை. முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பக்கத்தில் அத்தை அடுத்த அடி எடுக்கவில்லை. ஊரிலேயே பெரிய குரல் அவளுடையது. அது சும்மா இருந்தது. வெளியே ஆண்களின் அழுகையும் நின்றிருந்தது. கோல்கள் தரையில் மாறும் சத்தமும், யாரோ ஒருவர் செருமுவதும் கேட்டன. கதவருகிலிருந்து ஒரு ஜோடி பூட்ஸ் சரளை அரைபட நடந்தது. வரிசையின் முழு நீளத்துக்கும் நடந்தது. கோடியிலிருந்து வேறொரு ஜோடி பூட்ஸ் கதவுப் பக்கம் வந்தது.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உர்மத்தின் அழுகுரல் கேட்டது. கதவுக் கம்பளத்தை ஒட்டி, அவள் முதுகுக்கு மிக அருகிலிருந்து வந்தது.