ஐந்தாம் அறை அல்சர் அண்ணன்

எங்கள் மருத்துவக் கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்கு நிஜ நோயாளிகளைக் கூப்பிடுவதில்லை. அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மருமகளைப் பற்றிப் பேசுவார்கள். அதனால் நோயாளியாக நடிக்க ஆட்களை வைத்திருந்தார்கள். பத்து அறை, அறைக்கு ஏழு நிமிடம். மணி அடித்தால் அடுத்த அறை. மூலையில் ஒரு பேராசிரியர் வாயைத் திறக்காமல் மார்க் போட்டுக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் அறையில் ஆறு வருடமாக ஒரே ஆள், ஒரே நோய். மற்ற நாட்களில் தையல்காரர். தேர்வு நாட்களில் வயிற்றுப்புண்காரர். கல்லூரி முழுக்க அவர் அல்சர் அண்ணன். சீனியர்கள் எங்களுக்கு விட்டுப்போன ஒரே சொத்து ஒரு வரிதான்: அஞ்சாம் ரூம்ல அவர் என்ன சொன்னாலும் அல்சர்னு எழுது.

அவர் மனைவிக்கு ஆறாம் அறை. அங்கே நோய் கிடையாது. கணவர் இறந்துவிட்டார் என்று அந்த அக்காவிடம் மாணவன் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அக்கா அழுவார். ஒரே நாளில் நாற்பது தடவை விதவையாகிவிட்டு, சாயங்காலம் கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போவார்.

நான் அந்தத் தேர்வுக்கு மூன்றாவது முறையாக வந்திருந்தேன். இந்தத் தடவையும் போச்சு என்றால் வீட்டுப்பக்கம் வராதே என்று அப்பா சொல்லியிருந்தால் பரவாயில்லை. "மெதுவா பாஸ் பண்ணுப்பா" என்று சொல்லியிருந்தார்.

நான் உள்ளே போனபோது அண்ணன் வழக்கம்போல மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏசி குளிருக்குப் பேராசிரியை சால்வை போர்த்தியிருந்தார். அண்ணனின் சட்டையோ வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார், இடது தாடையைத் தேய்த்துக்கொண்டார். வயிற்றுப்புண் தாடை வரைக்கும் போகாது. மாரடைப்பு போகும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதெல்லாம் சினிமாவில்தான் கட்டாயம். சிலருக்கு மேல்வயிற்றில் எரிச்சல், ஜில்லென்று வியர்வை, தாடையில் வலி என்றுதான் தொடங்கும். அந்தப் பக்கத்தை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். ஃபெயில் ஆனதில் கிடைத்த ஒரே லாபம் அது.

குரலைத் தாழ்த்தி, "அண்ணே, நிஜமாவே வலிக்குதா?" என்றேன்.

"நிஜமாவேதான் வலிக்குது டாக்டர்."

கொடுமை என்னவென்றால், அது அவருக்கு எழுதிக் கொடுத்த வசனம். சந்தேகப் பிராணிகள் கேட்பார்கள் என்று கல்லூரியே தயார் செய்து வைத்த பதில். அண்ணன் என்னையே பார்த்தார். "தாடையும் வலிக்குது" என்றார். அது வசனத்தில் இல்லை.

பேராசிரியை நிமிர்ந்தார். ஆள் இன்றைக்குக் கொஞ்சம் ஓவராகத்தான் போகிறார் என்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி தாளில் குனிந்துகொண்டார். தேர்வை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நிறுத்திய பின் அது வெறும் நடிப்பு என்று தெரிந்தால் அந்த அறைக்கு முட்டை. எனக்கு முன்னால் போன இருபத்திரண்டு பேரும் அல்சர் என்றுதான் எழுதியிருப்பார்கள். இருபத்திரண்டு பேரும் ஒரே மாதிரி முட்டாளாக இருக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்களோடு ஒரே ஹாஸ்டலில் இருந்தவன் நினைக்கிற நினைப்பா அது?

எழுதினேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், காரத்தைக் குறையுங்கள், டென்ஷன் ஆகாதீர்கள் என்றேன். நன்றி டாக்டர் என்று எழுந்திருக்கப் பார்த்தவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். மணி அடித்தது.

ஆறாம் அறையில் நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உங்கள் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு, எங்களால் முடிந்ததைச் செய்தோம், காப்பாற்ற முடியவில்லை என்றேன். மனப்பாடம் செய்திருந்ததைவிட நன்றாக வந்தது. அக்கா அழத் தொடங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி விழுந்தது, யாரோ ஓடினார்கள். எவனாவது பயத்தில் மயங்கியிருப்பான் என்று அழுகைக்கு நடுவே சொல்லிவிட்டு அக்கா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஏழு நிமிடம் முடிந்தும் மணி அடிக்கவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று. எங்களுக்கு மார்க் போடும் பேராசிரியர் என்னவென்று பார்க்கப் போனவர் திரும்பவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார். அண்ணன் காலையிலிருந்தே நெஞ்சைக் கரிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். "ஆறு வருஷமா அதையே சொல்ற மனுஷன். நான் காதுலயே போட்டுக்கல" என்று சிரித்தார்.

கதவு திறந்தது. சால்வைப் பேராசிரியை. வாசலிலேயே நின்று, தரையைப் பார்த்து, "உங்க ஹஸ்பண்ட் தவறிட்டார்மா" என்றார்.

அக்காவின் கை பழக்கத்தில் முகத்தைப் பொத்தப் போனது. பிறகு இறங்கியது. "நின்னுகிட்டே சொல்லக் கூடாது மேடம்" என்றார் அக்கறையாக. "பக்கத்துல உட்காரணும். ரெண்டு மார்க் போயிடும்."

பேராசிரியை உட்காரவில்லை. அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க அவரைப் பார்த்துட்டுத்தானே வந்தீங்க. என்னன்னு எழுதினீங்க?"

"அல்சர்" என்றேன்.

ரிசல்ட் வந்தபோது ஐந்தாம் அறைக்கு எனக்குப் பத்துக்குப் பத்து.