ஜெசிந்தா சிரிக்க வேண்டும் என்ற நெறியாணை

செவ்வாய்க்கிழமை காலை, பதினோரு நாடுகளின் கூட்டமைப்பிலிருந்து எனக்கு ஒரு நெறியாணை வந்தது. வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் என் மனைவி ஜெசிந்தா சிரித்திருக்க வேண்டும். விளைவு கட்டாயம். வழிமுறை என் விருப்பம்.

அவள் தம்பி கிளிட்டஸ் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவள் சிரித்து இரண்டு வருடம் ஆகிறது.

"தவறுனா என்ன செய்வாங்க?" என்றாள்.

"வீட்டை எடுத்துருவாங்க. கதவு மட்டும் இருக்கும்."

புதன்கிழமை ஒரு பரிந்துரை நேரில் வந்தது. கையில் குடை வைத்திருந்தது. "என்னைக் கேக்கணும்னு கட்டாயமில்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தது. "கிச்சுகிச்சு மூட்டிப் பாக்கலாம்."

ஜெசிந்தா அதற்குத் தேநீர் கொடுத்தாள். இதுவரை யாரும் தேநீர் கொடுத்ததில்லை என்று அது கண் கலங்கியது.

வியாழக்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. கடைசியில் ஓர் அதிகாரி இருந்தார்.

"அவகாசம் வேணும் மேடம். அவ துக்கத்துல இருக்கா."

"துக்கம் வேற துறை."

"அது எங்க இருக்கு?"

"இப்ப நடந்து வந்தீங்களே, அதுதான்."

வெள்ளி நாலே முக்காலுக்கு, எல்லாரும் சிரிக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதி அரசிதழில் வெளியானது. அதை யாரும் நிறைவேற்ற வேண்டியதில்லை. அது தானாகவே அமலாகும். ஊர் முழுக்கச் சிரித்தது. சவப்பெட்டி தூக்கிப் போனவர்கள் சிரித்தார்கள். என் வாயும் திறந்துகொண்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை.

கூட்டமைப்பின் ஆய்வாளர் ஒருவர் சிரித்தபடியே வந்தார். "ஒழுங்குவிதி எல்லாருக்கும் பொருந்துமேம்மா?"

அவள் அரசிதழை வாங்கிப் படித்தாள். "உசுரோட இருக்கவங்களுக்குன்னு போட்டிருக்கு. என்னைச் சேக்காதீங்க."

ஆய்வாளர் குழம்பிப்போய்ப் பையைத் துழாவினார். "அப்ப முடிவாணைதான் போடணும். யார் பேருக்குப் போடுறமோ, அவங்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும்."

"யார் பேருக்கு வேணும்னாலும் போடலாமா?"

"போடலாம்."

"கடல் பேருக்குப் போடுங்க. என் தம்பியத் திருப்பித் தரணும்னு எழுதுங்க."

அவர் எழுதினார். முத்திரை குத்தினார். சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு மணிக்குக் கடல் மாடிப்படி ஏறி வந்தது. வாசலில் நின்று ஆணையை இரண்டு முறை படித்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும், பேனா இருக்கிறதா என்று கேட்டது.

"கையெழுத்தெல்லாம் வேண்டாம்," என்றாள் ஜெசிந்தா. "ஆளைக் கொண்டா."