ஆறாயிரம் சுற்று

தாம்பரத்தில் மின்ரயில் நிற்பதற்குள் குதித்துவிட்டார் தனசிங். நாற்பதைத் தாண்டிய தமிழ் வாத்தியார் செய்கிற காரியமா இது?

கக்கத்தில் கம்ப்யூட்டர் தாள்கட்டு. தம்பி எலியேசர், சோழவரம் பந்தயத்துக்கான கார் எஞ்சினை இரும்பில் செய்யுமுன் கணக்கிலேயே ஓட்டிப் பார்க்கிறவன். கணக்கைத் துளையிட்ட அட்டைகளாகக் கொடுத்தால், நிமிஷத்துக்கு எத்தனை சுற்று வேகம்வரை எஞ்சின் தாங்கும் என்று கிண்டிப் பக்கத்துக் கம்ப்யூட்டர் மறுநாள் சொல்லும். சொன்னால்தானே! மூன்றாம் முறையும் கைவிரித்துவிட்டது.

"ஒரு கார்டுல ஓட்டை தப்பா விழுந்திருக்கு சார். மாத்திக் குடுங்க, நாளைக்கு வரும்," என்று சொல்லி அனுப்பியிருந்தார் அங்கே வேலை பார்க்கும் சுப்பராயலு.

நாளைக்கா? ஈரல் கெட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரியே அனுப்பிவிட்டவனுக்கு நாளை ஏது?

சேலையூர் வீட்டு வாசலிலேயே தம்பி மனைவி ஹில்டா நின்றிருந்தாள். "காலைலேர்ந்து அதையேதான் கேக்குறாங்க அத்தான். நல்லதா சொல்லுங்க," என்றவள் கஞ்சியைப் பார்க்க அடுப்படிக்குப் போனாள்.

எலியேசர் மஞ்சள் பூத்த கண்ணைத் திறந்தான். "ஓடுச்சாண்ணா?"

"பிரமாதமா ஓடிச்சுடா."

"எவ்ளோ வரைக்கும் தாங்குது?"

தனசிங்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. எண்ணிக்கையைக் கேட்பான் என்று அவர் நினைக்கவே இல்லை. பெரிசாகவே இருக்கட்டும், சந்தோஷமாகப் போகட்டும் என்று, "ஆறாயிரம்," என்றார்.

"ஆறாயிரம் சாதா காரே போகும்ணா. இதுக்கு ஒம்பதாயிரமாவது வேணும். அப்போ என் டிசைனே தப்பு."

"இல்லடா, ஒம்பதுதான். கண்ணாடி இல்லாம தப்பாப் படிச்சிட்டேன்."

"கண்ணாடி போட்டுத்தானே இருக்க. விடுண்ணா, ஆறுதலுக்குச் சொல்லாத."

பிறகு உண்மையையே சொன்னார். கணக்கு ஓடவே இல்லை, தப்பு ஒரே ஒரு ஓட்டைதான் என்றார், கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவன் நம்பவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். விளக்கு வைக்கும் நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது. நாசமாய்ப்போன வாய் என்று தனசிங் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை சர்ச்சிலிருந்து சபை ஐயர் வந்தார். "சமாதானமா போனாராம்மா?"

"ஆமா ஐயரே. அத்தான் ரிசல்ட்டைக் கொண்டாந்து சொன்னாங்க. அதைக் கேட்டப்புறம்தான் இவங்க போனாங்க," என்றாள் ஹில்டா.

ஐயர் தனசிங்கைக் கனிவாகப் பார்த்தார்.

தனசிங் அடக்கத்துக்காகத் தம்பியின் கழுத்தில் டை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முனை குட்டையாக வந்தது. அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.