நாலாவது வெளிநாட்டுக்காரன்

பஸ்தியாவுக்கு அந்தக் கேள்வி சலித்துப்போய் வெகுகாலமாகிறது. காட்டுப்பாக்கத்தில் ஆட்டோ ஏறினாலும் "எந்த நாடு?", டீக்கடையில் நின்றாலும் "எந்த நாடு?" கர்நாடகா என்றால் சிரிப்பார்கள். எல்லாப்பூர்க் காட்டோரம் பிறந்து, கன்னடத்தில் படித்து, கொங்கணியில் ஜெபம் சொல்லி வளர்ந்த சித்தி இனத்துப் பையன் அவன். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் பிடித்துவரப்பட்டவர்களின் வம்சம். ஆட்டோ சிக்னலில் நிற்கிற நேரத்துக்குள் இதை யாருக்கு விளக்குவது?

அவன் சம்பளத்துக்கு ஆடும் ஆவடி கால்பந்து கிளப்பிலும் இதே கதைதான். கோல்கீப்பர் ஃபெலிக்ஸ் பட்டாபிராம்காரன், தங்கமான பையன், ஆனால் வாயைத் திறந்தால் "ஆப்பிரிக்கா மச்சான்" என்றுதான் கூப்பிடுவான். மேனேஜர் சரவணக்குமாரிடம் முறையிட்டால், எதிரணி பயந்தால் நமக்கு நல்லதுதானே என்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அந்த நல்லது திரும்பி வந்து கடித்தது. விதிப்படி ஓர் அணியில் மூன்று வெளிநாட்டவர்தான் ஆடலாம். இவர்கள் அணியில் ஏற்கெனவே மூவர் இருந்தார்கள். பஸ்தியாவைச் சேர்த்து நாலு என்று எதிரணி மேனேஜர் கையைத் தூக்கிவிட்டார். ஆட்டம் நின்றது. பையிலிருந்து ஆதார் அட்டை வந்தது. நடுவர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். ஃபெலிக்ஸ் கோல் கம்பத்தில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

பஸ்தியாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் ஆப்பிரிக்காக்காரன் இல்ல சார். அந்தக் கூட்டத்தோட என்னைச் சேக்காதீங்க."

அவனுக்குப் பின்னால் இரண்டடியில் க்வேசி நின்றிருந்தான். கானா நாட்டுக்காரன், நடுக்கள வீரன், பஸ்தியாவோடு ஒரே வீட்டில் தங்கியிருப்பவன். சென்னைக்கு வந்து ஆறு வருடத்தில் பஸ்தியாவைவிட நன்றாகத் தமிழ் பேசக் கற்றுக்கொண்டவன்.

ஆட்டம் தொடர்ந்தது. க்வேசி எப்போதும்போலப் பந்தைச் சரியாகக் கொடுத்தான். அதில் பஸ்தியாவ் கோலும் போட்டான். எல்லாரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். க்வேசி மட்டும் திரும்பித் தன் இடத்துக்கு நடந்துவிட்டான்.

சாயங்காலம் வீட்டில் க்வேசி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். பஸ்தியாவ் சமையலறை வாசலில் நின்று, கோபத்தில் சொன்னது, உன்னைச் சொல்லவில்லை என்று இழுத்தான்.

"என்னைச் சொல்லாம வேற யாரைச் சொன்னே?" க்வேசி நிமிரவில்லை. "ஆப்பிரிக்கான்றது அவ்ளோ கேவலமா மச்சான்?"

பஸ்தியாவ், பள்ளிக்கூடத்தில் தன் தலைமுடியைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றவர்களைப் பற்றிச் சொன்னான். தன் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று தன் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்பதையும் சொன்னான். சொல்லச் சொல்ல, தான் தப்பிக்கத்தான் பார்க்கிறோம் என்று அவனுக்கே எரிச்சலாக வந்தது. கடைசியில், தப்புதான் என்றான்.

"உன்னை வேற நாட்டுக்காரன்னா உனக்குக் கடுப்பாகுது, அது எனக்குப் புரியுது," என்றான் க்வேசி. "அதுக்கு என்னை மிதிச்சிகினு மேல ஏறாத. நான் பக்கத்துல இல்லாட்டியும் ஏறாத."

அந்த நேரம் பார்த்து ஃபெலிக்ஸ் பரோட்டாப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான்.

"இன்னா, ஆப்பிரிக்கா மீட்டிங்கா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி அவனைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபெலிக்ஸ் மிரண்டுபோனான். பாசமாகத்தானே கூப்பிடுகிறேன், இதில் என்ன தப்பு என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஒருவன் விளக்கிக் களைத்தால் மற்றவன் தொடர்ந்தான். பாதி அவனுக்குப் புரிந்தது, மீதி புரிந்ததாகத் தலையாட்டினான்.

"செரி, அப்போ உன்னை இன்னான்னுதான் கூப்பிடறது?"

"ரெண்டு சீசனா ஒண்ணா ஆடுறோம்டா. எனக்குன்னு பேர் இல்லையா?" என்றான் பஸ்தியாவ்.

ஃபெலிக்ஸ் பேரைச் சொல்லிப் பார்த்தான். பாஸ்கர் என்று வந்தது. பஸ்தியாவ் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். க்வேசி பரோட்டாவைப் பிய்த்துத் தட்டில் போட்டபடி, இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னான்.