இன்னொரு வாட்டி

டிவியின் மேல் போர்த்த ஒரு துணி தேடிக்கொண்டிருந்தாள் நஜ்மா. பீரோவைத் திறந்தால் எல்லாம் அம்மாவின் புடவைகள். கொடியில் அத்தாவின் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கக் கை போகவில்லை. கடைசியில் தன்னுடைய பழைய துப்பட்டா ஒன்றை உதறித் திரையை மூடினாள். பச்சை நிறத்தில் மஞ்சள் பூப் போட்டது. மய்யித்து கிடக்கிற வீட்டுக்குப் பொருந்தாத துணிதான். ஆனால் அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

கூடத்தில் கட்டிலில் கிடந்தார் அத்தா மொய்னுதீன். தாடையைச் சேர்த்துத் தலையோடு ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. பல்வலிக்காரர் போல இருந்தார். பத்தே கால் மணிக்குப் பக்கத்துத் தெரு டாக்டர் வந்து, கண்ணிமையை விரித்து டார்ச் அடித்துப் பார்த்து, "அரை மணி நேரம் ஆயிருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

பன்னிரண்டு மணிக்குள் பழவேற்காட்டிலிருந்து பெரியத்தா சஹாபுதீன் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கிவிட்டார். அத்தாவைவிட ஆறு வயது மூத்தவர். கருவாட்டு வியாபாரம், அங்கே பள்ளிவாசல் கமிட்டியிலும் இருக்கிறவர். வந்ததும் தம்பியின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நேராக நஜ்மாவிடம் வந்தார்.

"நீதான கண்ணு கூட இருந்த?"

"ஆமா பெரியத்தா."

"கடைசி மூச்சுல வாயில கலிமா வந்துச்சா?"

பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெரியம்மா, விட்ட வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். நஜ்மாவின் அம்மா ரஷீதா சுவரோரம் சாய்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை. ஆனால் அவளும் காத்திருக்கிறாள் என்று நஜ்மாவுக்குத் தெரிந்தது.

"சொன்னாரு" என்றாள் நஜ்மா.

சஹாபுதீனின் தோள்கள் தளர்ந்தன. "அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தைக் கைகளால் தடவிக்கொண்டு, ஆண்கள் உட்கார்ந்திருந்த வாசல் பந்தலுக்குப் போனார்.

அந்த ஒரு சொல் படியிறங்கித் தெருவுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் வளர்ந்துவிட்டது. ஒரு மணிக்கு வந்த பெண்கள், மூன்று முறை சொன்னாராமே என்றார்கள். இரண்டு மணிக்கு, சொல்லும்போது ஆள்காட்டி விரலை உயர்த்தினாராம் என்று ஒரு கிழவி நஜ்மாவுக்கே சொன்னாள். "மொகத்தப் பாரு, சிரிச்சா மாறியே இல்ல? சொர்க்கத்துல எடத்தப் பாத்துட்டவங்க மொகம் இப்டித்தான் இருக்கும்" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நஜ்மாவும் பார்த்தாள். உதட்டின் இடது ஓரம் கொஞ்சம் மேலே போயிருந்தது. அது எதைப் பார்த்த சிரிப்பு என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் மொய்னுதீனுக்கு ஹார்டுவேர் கடை. நட்டு, போல்ட்டு, வெல்டிங் ராடு. சிப்காட்டில் பாதிக் கம்பெனிகளுக்கு அவசரத்துக்கு அவர்தான். பதினைந்து வருடத்துக்கு முன்னால், ஒரு கம்பெனிக்கு பாய்லர் மாட்ட லண்டன்காரர் ஒருவர் வந்திருந்தார். அவருக்கு வேண்டிய பழைய இன்ச்சு மரை போல்ட்டு மெட்ராஸ் முழுக்கத் தேடியும் கிடைக்காமல், மொய்னுதீன் கடைப் பரண்மேல் ஒரு சாக்கு நிறையக் கிடைத்தது. அன்றிலிருந்து மூன்று மாதமும் மாலையில் கடைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவார். இருவருக்கும் பொதுவாக இருந்த பாஷை, போல்ட்டு சைஸ் மட்டும்தான். ஊருக்குப் போகிற அன்று ஒரு டிவிடி பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் ஊர் டிவியில் ஒரு காலத்தில் வந்த நகைச்சுவை நிகழ்ச்சி அது. மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். தொடர்கதை கிடையாது. நாலைந்து நிமிடத்துக்கு ஒரு துண்டு நாடகம். அது முடிந்ததும் சம்பந்தமே இல்லாமல் இன்னொன்று. மழையில் சொட்டச் சொட்ட நனைந்து ஒருவன் குடை ரிப்பேர் கடைக்குள் வருவான். கடைக்காரர் தரையைக் காட்டி, காலைத் துடைத்துவிட்டு வா என்று வெளியே அனுப்புவார். துடைத்துவிட்டு இன்னும் அதிகமாக நனைந்து வருவான். மறுபடி அனுப்புவார். அவ்வளவுதான்.

நஜ்மா அப்போது எட்டாவது. அத்தாவின் இங்கிலீஷ் பில் போடுகிற அளவுதான். "இன்னா சொல்றான்? இன்னா சொல்றான்?" என்று தொடையில் தட்டுவார். அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். இரண்டு வருடத்தில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. அந்த ஐந்து பேருக்கு அத்தா வைத்த பெயர் 'நம்மாளுங்க'. கடையில் யாராவது போல்ட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால், "கால தொடச்சிக்கினு வா" என்பார். வந்தவருக்குப் புரியாது. கல்லாவுக்குப் பின்னால் இவர் மட்டும் குலுங்குவார்.

அவர் சிரிப்பு ஒரு மாதிரி. முதலில் கீச்சென்று ஒரு சத்தம். அப்புறம் சத்தமே வராது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், வயிறு மட்டும் ஆடும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்கூட அப்படியே இருப்பார்.

அன்று காலையும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை. அம்மா மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நாஷ்டா முடித்து மாத்திரை போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த அத்தா, "நம்மாளுங்களப் போடு" என்றார். காட்டுப்பள்ளித் துறைமுக ஆபீசில் வேலை பார்க்கும் நஜ்மாவுக்கு வாரத்தில் கிடைப்பது அந்த ஒரு காலைதான். டிவிடியிலிருந்து ஏற்றிவைத்த பென்டிரைவைச் செருகி, அவருக்குப் பிடித்த, க்யூவில் நிற்கிற நாடகத்தைப் போட்டாள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி போடு" என்றார்.

போட்டாள். கீச்சென்று சத்தம் வந்தது. பிறகு வரவில்லை. நாலு நிமிடமும் நஜ்மா திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முடிந்தபின், "அடுத்ததுக்குப் போலாமாத்தா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சிரிக்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாயிற்று. பின்கட்டில் திரை கட்டிக் குளிப்பாட்டினார்கள். கஃபன் துணியில் அத்தரும் கற்பூரமும் மணத்தன. கடைசியாக முகம் பார்க்கப் பெண்களைக் கூப்பிட்டபோது, ரஷீதா குனிந்து பார்த்தாள், அழவில்லை. காதருகில் என்னவோ சொன்னாள். என்ன என்று யாருக்கும் கேட்கவில்லை.

சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும் முன் சஹாபுதீன் உள்ளே வந்து நஜ்மாவின் தலையில் கை வைத்தார்.

"இவன் டிவி டிவின்னு கெடக்கறான்னு நான் எத்தினியோ வாட்டி பேஜாரு பண்ணியிருக்கேன். போன நோம்புல பெரிய சண்டையே போட்டேன். அப்பலேந்து அவங்கிட்ட சரியாப் பேசக்கூட இல்ல. வர்ற வழியெல்லாம் எனக்கு அதே நெனப்பு. நீ அந்த சேதியச் சொன்ன பாரு, அப்பதான் கண்ணு எனக்கு மூச்சே வந்துச்சு."

நஜ்மா வாயைத் திறந்தாள். அவருடைய தாடி நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

ஆண்கள் போனார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் தெருமுனையில் சிப்காட் ஷிப்டு பஸ் ஒன்று ஒதுங்கி நின்று வழி விட்டது. பஸ்சுக்குள் சிலர் எழுந்து நின்றார்கள். பிறகு பஸ் போயிற்று. தெரு காலியாகிவிட்டது.

பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி பெரிய தூக்கில் டீ கொண்டுவந்தாள். பெண்கள் பின்கட்டில் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்கள். ரஷீதாவுக்கு வெள்ளைப் புடவை உடுத்தி உள்ளறையில் உட்காரவைத்திருந்தார்கள். இனி நாலு மாதம் பத்து நாள் அவள் வாசல் தாண்டக் கூடாது. நஜ்மா டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"கதவச் சாத்து" என்றாள் ரஷீதா.

சாத்தினாள்.

"கலிமா சொன்னாருன்னியே."

நஜ்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பெரியத்தாகிட்ட சொல்லும்போது பாத்தேன். கால் கட்டைவிரலத் தரையில தேச்சிக்கினே நின்ன. இஸ்கூல்ல மார்க்கு கம்மின்னா இப்டித்தான் நிப்ப." ரஷீதாவின் குரலில் கோபம் இல்லை. "மேரியும் சொல்லிச்சி. ஒம்போதரைக்குக்கூட செவுத்துக்கு அந்தாண்ட உங்க சிரிப்புச் சத்தம் கேட்டுச்சாம். இன்னா நடந்துச்சி, சொல்லு."

சொன்னாள். நாடகம் போட்டதை, அவர் இன்னொரு வாட்டி கேட்டதை, கீச்சென்ற சத்தத்தை.

"நான் திரும்பியே பாக்கலம்மா. நாலு நிமிசம். பக்கத்துலயே உக்காந்துக்கினு சிரிச்சிக்கினு இருந்தேன்."

ரஷீதா புடவை ஓரத்தில் பிரிந்த நூலை விரலில் சுற்றினாள். சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். பின்கட்டில் யாரோ டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது.

"சுபுஹு தொழுதாரு" என்றாள் மெதுவாக. "தொழுதுட்டு அரை மணி நேரம் தஸ்பீஹ் ஓதிட்டுத்தான் எங்கிட்ட டீ கேட்டாரு. அது அல்லாவுக்குத் தெரியும். உங்க பெரியத்தா இன்னா நெனச்சிக்கினு நிம்மதியா இருக்காரோ, இருந்துட்டுப் போவட்டும்."

"அதில்லம்மா, நான்..."

"நீ பாத்திருந்தா இன்னா பண்ணியிருப்ப? கத்தியிருப்ப. உன் கத்தலக் கேட்டுக்கினு போயிருப்பாரு." நூலை அறுத்துப் போட்டாள். "உடு."

டீயில் ஆடை படிந்தது.

"அது இன்னா நாடகம்?" என்று கேட்டாள் ரஷீதா.

நஜ்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு நாளு நானும் வந்து உக்காந்தேன். நீ ஒம்பதாவது படிக்கச்சொல்ல. இன்னாதான் இவ்ளோ சிரிப்புன்னு பாக்கலாம்னு. ஒருத்தன் பேசினான். 'இன்னா சொல்றான்'னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல 'ஷ்ஷூ'ன்னீங்க. அடுப்புல கொழம்பு இருக்குன்னு எழுந்து போயிட்டேன். அடுப்புல ஒண்ணும் இல்ல."

நஜ்மாவுக்கு அது ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அம்மாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"ஒரு ரோடும்மா. செவுத்தோரமா ஒருத்தன் போய்க்கினு இருக்கான். ஷூ கயிறு அவுந்துடுது. நின்னு குனிஞ்சி கட்டறான்."

"எந்த ஊரு?"

"லண்டன். பின்னால வர்ற இன்னொருத்தன், இங்க ஏதோ க்யூ போலருக்குன்னு அவன் பின்னால நின்னுக்கறான்."

"எதுக்கு?"

"அந்த ஊருல அப்டிதாம்மா. ரெண்டு பேரு நின்னா மூணாவது ஆளு வந்து நிப்பான். அப்பறம் ஒரு பொம்பள, கொழந்தை வண்டியத் தள்ளிக்கினு. அப்பறம் ஒரு பாதிரியாரு. கொஞ்ச நேரத்துல தெருவே நிக்குது."

"கயிறு கட்டறவனுக்குத் தெரியாதா?"

"தெரியாது. முடிச்சி போட்டுட்டு அவம்பாட்டுக்குப் போயிடறான்."

"எங்க போறான்?"

"எங்கியோ. ஊட்டுக்கு." அன்று போல அவள் அவசரப்படவில்லை. அம்மா கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். "இப்ப ரெண்டாவது நின்னவன்தான் மொத ஆளு. முன்னால பாத்தா வெறும் செவுரு. பயந்துபோய், 'நீங்க மொதல்ல'ன்னு பின்னால இருக்கறவனுக்கு வழி உடறான். அவன் 'இல்ல, நீங்க மொதல்ல'ங்கறான். அப்ப ஒரு போலீஸ்காரன் வர்றான். கடைசில ஒரு கெழவி நிக்குது, கைல பையி. 'எதுக்கும்மா இந்தக் க்யூ?'ங்கறான்."

"கெழவி இன்னா சொல்லுது?"

"'எதுக்குன்னு தெரியாது. ஆனா எடத்த உடமாட்டேன்'னுது."

ரஷீதா சுவரைப் பார்த்தாள்.

"ரேசன் கடைல" என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். "நீ பொறக்கறதுக்கு முன்னாடி. சக்கரைக்குன்னு ரெண்டு மணி நேரம் நின்னேன். உள்ள போனா, குடும்பக் கட்டுப்பாடுக்குப் பேரு எழுதிக்கினு இருக்கான். ஊட்டுக்கு வந்து சொன்னேன். உங்கத்தா..." மூச்சை இழுத்தாள். "உங்கத்தா கட்டில்லேந்து கீழ உழுந்துட்டாரு."

அவள் வெள்ளை முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கத் தொடங்கின. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதுகு ஆடியது, சத்தம் வரவில்லை. நஜ்மாவும் சிரிப்பு வெளியே வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவின் மேல் சாய்ந்தாள்.

கதவு திறந்தது. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். "காலைலேந்து பொட்டுத் தண்ணி கண்ணுல வரலையேன்னு பாத்தேன். அழுவட்டும், அழுவட்டும். உள்ளயே வெச்சிக்கினா ஒடம்புக்கு ஆவாது." பின்னாலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஒருத்தி ரஷீதாவின் முதுகைத் தடவினாள். இன்னொருத்தி தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அறையில் விசும்பல்கள் எழுந்தன.

முந்தானைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, தடவித் தேடி, நஜ்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

ஆரோக்கியமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். நஜ்மா அதை மறு கையில் வாங்கி, அம்மா முகத்தை எடுக்கட்டும் என்று அப்படியே ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.