விளக்கு எரிந்தால் யாரோ பார்க்கிறார்கள்

“என்னமோ பொட்டி பொட்டியா வந்து மறைக்குது சங்கரி. அத மட்டும் எடுத்து விட்டுட்டுப் போ.”

பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் அத்தை ஏலக்காட்டு வேலை முடிந்து, குளித்துவிட்டு, மகன் முனீஸ்வரனின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவன் கொச்சியில் வேலை பார்த்தபோது தினமும் ஐந்து மணிக்கு அதில்தான் அம்மாவிடம் வீடியோவில் பேசுவான். போன மழையில் போடிமெட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்து இறந்துபோனான். லேப்டாப்பையும் நெட்டையும் அத்தை அணைக்கவே இல்லை.

திரையை மறைத்தது நான் எழுதிய அறிவிப்பு. இலவசமாகக் கிடைக்கும் ஒரு கணினி இயங்குதளத்துக்குப் பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழில் எழுதும் குழுவில் இருக்கிறேன். யாரையும் நேரில் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்றுதான் சேர்ந்தேன். ‘தொலைநிலை ஊடுருவல் வாயிலாகச் சாதனத்தின் உணரிகள் அனுமதியின்றி இயக்கப்படக்கூடும். புதுப்பிக்கவும்.’ எழுதியபோது பெருமையாக இருந்தது.

பெட்டியை நகர்த்தினேன். திரைக்கு மேலே கேமராவின் சின்னப் பச்சை விளக்கு தானாக எரிந்தது.

“வந்துட்டான் பாத்தியா” என்றார் அத்தை. “ரெண்டு மாசமா வாரான். பேச மாட்டான். பாத்துக்கிட்டே இருப்பான்.” தலையைத் துவட்டியபடி விளக்கைப் பார்த்துச் சிரித்தார். “சேல மாத்துறதும் இங்கனதான். பெத்த பிள்ளதான.”

புதுப்பிக்கும் பொத்தானுக்கு என் கை போனது.

“தொடாத. அவன் வச்சது வச்சபடி இருக்கட்டும்.”

அன்றே அறிவிப்பை மாற்றி எழுதினேன். ‘உங்களுக்குத் தெரியாமல் உங்கள் கேமராவை யாரோ திறக்கலாம். நீங்கள் திறக்காமல் விளக்கு எரிந்தால், யாரோ உங்களைப் பார்க்கிறார்கள்.’

மறுநாள் அத்தை அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். “அதத்தானே ஆத்தா நானும் சொல்றேன்” என்றார் சந்தோஷமாக.

இன்னும் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். பாலக்காட்டிலிருந்து எங்கள் குழு எழுதுவதைச் சரிபார்க்கும் ரஸியாக்கா போன் செய்தார்.

“உயிரோட இருக்கிற ஆளுன்னு எதுக்கு சங்கரி? பின்ன செத்தவங்களா வந்து பாப்பாங்க?”

“இருக்கட்டும்க்கா.”

“என்னமோ போ. தெளிவாத்தான் இருக்குது.”

அடுத்த நாள் ஐந்து மணி. விளக்கு எரிந்தது. பெட்டியும் வந்தது. ‘பார்ப்பவர் உங்களுக்குத் தெரியாத, உயிரோடு இருக்கும் ஓர் ஆள்.’

அத்தை இரண்டு முறை வாசித்தார். முந்தானையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டு, வாசலில் அந்நிய ஆள் நிற்பதுபோல அந்த விளக்கைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

“எத அமுக்கணும்?”

காட்டினேன். முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டி அவரே அமுக்கினார். திரை இருண்டு, வெகுநேரம் கழித்து வெளிச்சம் வந்தது. ஆறு மணிவரை காத்திருந்தோம். விளக்கு எரியவில்லை.

“இப்ப என்னைய யாரும் பாக்கலியா?”

“இல்லத்த.”

மெதுவாகத் திரும்பி, பழையபடி திரைக்கு நேராக உட்கார்ந்தார். முந்தானையை மட்டும் விடவில்லை.