டீச்சர் மகள் படிக்கிற பள்ளிக்கூடம்

அந்த வட்டாரத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிகள் மூன்று. மேட்டுப் பள்ளி, பாலத்துப் பள்ளி, ஆலைப் பள்ளி. மூன்றுக்கும் ஒரே அலுவலகம், ஒரே பாடப்புத்தகம். ஆனாலும் வருஷா வருஷம் விடுமுறை முடிகிற சமயத்தில் கல்வி அலுவலகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, தேர்ச்சி எவ்வளவு, ஆய்வுக்கூடம் உண்டா, பாதியில் நின்ற பிள்ளைகள் எத்தனை என்று ஒப்பிட்டு வெளியிடும். மேட்டுப் பள்ளி எப்போதும் முதலிடம். ஆலைப் பள்ளி எப்போதும் கடைசி. நடுவில் கிடக்கும் பாலத்துப் பள்ளியைப் பற்றி நல்லது சொல்லவும் ஆளில்லை, கெட்டது சொல்லவும் ஆளில்லை.

ஆலைப் பள்ளியின் கணக்கு டீச்சருக்கு இந்த ஒப்பீடு என்றாலே பற்றிக்கொண்டு வரும். "அவங்க பரீட்சை வச்சுப் பொறுக்கி எடுத்துக்குறாங்க. மிச்சம் மீதியை நம்ம கிட்ட தள்ளுறாங்க. அப்புறம் ரெண்டு பேரையும் ஓட விட்டு, யார் ஜெயிச்சான்னு கேட்டா?" என்று ஆசிரியர் அறையில் பொரிந்து தள்ளுவாள். சொல்வதெல்லாம் நியாயம்தான். ஒரு விஷயத்தை மட்டும் அந்த அறையில் வாய் தவறிக்கூடப் பேச மாட்டாள். அவளுடைய மகள் படித்தது மேட்டுப் பள்ளியில்.

அந்த வருஷம், கடைசியாக வருகிற பள்ளியை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விடாமல் தடுக்க, தலைமையாசிரியர் பெற்றோர் கூட்டம் போட்டார். பேச்சில் கெட்டிக்காரி என்பதால் டீச்சரை முன்னே நிறுத்தினார். அவளும் சும்மா பேசவில்லை, மனசிலிருந்து பேசினாள். கட்டடம் பழசு, ஆனால் இங்கே ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்றாள். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

பின்வரிசையில் ஒரு தையல்காரம்மா எழுந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உங்க பொண்ணு எங்க படிக்குது?"

டீச்சர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"மேட்டுப் பள்ளியில."

யாரும் சிரிக்கவில்லை. "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தையல்காரம்மா உட்கார்ந்தாள். அந்த 'சரிங்க' டீச்சருக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாகிவிட்டது. வீடு வந்து சேரும்வரை இறங்கவில்லை.

விஷயத்தைச் சொல்லி, மகளை ஆலைப் பள்ளிக்கே மாற்றப்போவதாக வீட்டில் சொன்னபோது கணவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"நாலு பேர் முன்னால ஒரு பொம்பளை கேட்டுட்டான்னு பொண்ணை மாத்துவியா? இது ரோஷம். படிப்பு விஷயத்துல ரோஷம் கூடாது."

"நான் சொல்லிக்கொடுக்கிற இடம் என் பொண்ணுக்கு ஆகாதுன்னா, மத்தவங்க பொண்ணுக்கு மட்டும் ஆகுமா?"

"ஆகாது. அதுக்கு நம்ம என்ன பண்றது?"

மகள் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னை ஒரு வார்த்தை கேப்பியாமா?" என்றாள். டீச்சர் கேட்கவில்லை. பள்ளி திறந்த அன்று மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு ஆலைப் பள்ளி வாசலில் நுழைந்தாள். நாலு பேர் பார்க்கட்டும் என்றே கொஞ்சம் மெதுவாக நடந்தாள்.

பார்த்தார்கள். டீச்சரே தன் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார் என்ற செய்தி தெருத் தெருவாகப் பரவியது. போவதாக இருந்தவர்களில் பலர் தங்கிவிட்டார்கள். தலைமையாசிரியர் நன்றி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

மகளுக்குத்தான் நரகம். "மேட்டுக்காரி" என்று பட்டம் கட்டினார்கள். ஆய்வுக்கூடம் என்று காட்டிய அறையில் உடைந்த மேசைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள், வீட்டுக்கு வந்தால் உம்மென்று இருந்தாள். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த முதல் ஆள் தையல்காரம்மாவின் மகள். ஒல்லிக்குச்சி. எல்லோரும் அவளை ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"பேர் வந்தது அம்மா தொழிலால. குத்துறது என் சொந்தத் திறமை" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாளாம். அதைச் சொல்லும்போது மகள் சிரித்தாள். அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. ஊசி கணக்கில் புலி. டீச்சர் கரும்பலகையில் பாதி எழுதும்போதே விடையைச் சொல்லிவிடுவாள். சாயங்காலமானால் இருவரும் தையல்காரம்மா வீட்டு முன்னறையில், துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தார்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அதிகாரி வந்தார். பள்ளியை மூடுகிறோம் என்றார்.

"சேர்க்கை கூடியிருக்கே சார்" என்றார் தலைமையாசிரியர்.

"நல்ல விஷயம்தான். ஆனா முடிவு அதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு."

பிள்ளைகள் எல்லோருக்கும் பாலத்துப் பள்ளி. ஆசிரியர்களை ஆளுக்கொரு பக்கம் போட்டார்கள். டீச்சருக்கு மேட்டுப் பள்ளி கிடைத்தது. ஆசிரியரின் பிள்ளை என்பதால் மகளுக்கும் அங்கே இடம் உண்டு என்றார்கள். "மறு பேச்சுப் பேசாம ஒத்துக்க" என்றான் கணவன். அவளும் ஒத்துக்கொண்டாள். உள்ளே போனால் மற்ற பிள்ளைகளுக்கும் ஏதாவது செய்ய முடியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். போன பிறகு புதுப் பாடவேளை, புது முகங்கள் என்று நாள் ஓடியது. எதுவும் செய்யவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "ஊசி நின்னுட்டா."

பாலத்துப் பள்ளியில் ஒரு வகுப்பறையில் இரண்டு வகுப்பை அடைத்தார்களாம். ஆலைப் பிள்ளைகளுக்குத் தாழ்வாரத்தில்தான் இடம். வாத்தியார் பேசுவது காதில் விழாது. பழைய பிள்ளைகளுக்கும் புதுப் பிள்ளைகளுக்கும் தினம் அடிதடி. ஒரு சண்டையில் ஊசியைப் படியிலிருந்து தள்ளிவிட்டதில் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் அவள் போகவில்லை.

விடுமுறை நாளன்று மதியம் டீச்சர் தையல்காரம்மா வீட்டுக்குப் போனாள். தையல்காரம்மா தரையில் துணி விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். ஊசி ஜன்னலோரம் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வாங்க டீச்சர்" என்றாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

"இப்படி நடுவுல நிறுத்தலாமாம்மா? எவ்வளவு நல்லா படிக்கிற பொண்ணு."

"தெரியும் டீச்சர். மேட்டுப் பள்ளியிலயே இவளுக்கு இடம் கிடைச்சிருந்துச்சே."

டீச்சருக்குப் புரியவில்லை. "எப்போ?"

"அந்தக் கூட்டத்துக்கு முந்தின வாரம். பரீட்சை எழுதி பாஸாயிட்டா. யார்கிட்டயும் சொல்லல. அனுப்புறதா, இங்கயே வைக்கிறதான்னு ஒரே குழப்பம். அதான் உங்க பொண்ணு எங்க படிக்குதுன்னு கேட்டேன். விவரம் தெரிஞ்சவங்க என்ன செய்றாங்களோ அதையே செய்யலாம்னு." கத்தரிக்கோல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. "மேட்டுப் பள்ளின்னு சொன்னீங்களா, அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். அப்புறம் பாத்தா நீங்களே பொண்ணைக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

டீச்சர் துணியை மிதிக்காமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னத்தைச் சொல்றது? பெத்த பிள்ளையையே கொண்டுவந்து விட்டீங்க. அதுக்கு மேல நான் என்ன கேக்கணும்? உங்களைக் குத்தம் சொல்லல டீச்சர். உங்களுக்குத் திரும்பிப் போக வழி இருந்துச்சு. எங்களுக்கு இல்ல. அதை நான்தான் யோசிச்சிருக்கணும்."

மறுநாளே டீச்சர் மேட்டுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய் நின்றாள். இந்த வருஷம் பள்ளி திறக்கும் முன்பே தேர்வான பெண் என்று மன்றாடினாள். வேண்டாமென்று விட்ட இடத்துக்கு நடுவருஷத்தில் வந்து கேட்டால் எப்படி, அடுத்த தடவை திரும்ப எழுதட்டும் என்றார் அவர். எழுத வைக்கலாம் என்று டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊசியைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். கொஞ்ச நாள் வந்தாள். மகளும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து, புதுசாய்ப் பார்த்துக்கொள்பவர்கள் மாதிரி நாசூக்காகப் பேசிக்கொண்டார்கள். கரும்பலகையை முந்திக்கொண்டு விடை சொன்ன பெண்ணுக்கு இப்போது கேள்வியை இரண்டு தரம் படிக்க வேண்டியிருந்தது. பிறகு, தைக்க நிறைய வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். பரீட்சைக்கு வரவில்லை.

பரீட்சை நடந்த அன்று மாலை மகள் டீச்சரின் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அன்னிக்கு என்னை எதுக்கும்மா மாத்தின? அந்தப் பிள்ளைங்களுக்காகவா?"

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த தாளை மூடி வைத்தாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"இல்ல" என்றாள். "எனக்காகத்தான். அத்தனை பேர் முன்னால தலை குனிஞ்சு நின்னேன். அதைத் தாங்க முடியல."

மகள் "சரி" என்றாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.